வாய் திறந்து மூடினால் அது மூச்சு இல்லை!

போன மாதம் ஒரு சாயங்காலம். தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில், பீச் ரயிலைப் பிடிக்க ஓடிய கூட்டத்துக்கு நடுவே ஒருவர் சரிந்து விழுந்தார். ஐம்பது வயது இருக்கலாம். தோளில் டிபன் பை.

முப்பது பேர் கூடிவிட்டோம். "காத்து வரட்டும், தள்ளுங்க", "தண்ணி தெளிங்க", "யாராவது சோடா வாங்கிட்டு வாங்க". வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். அவர் வாய் விட்டு விட்டுத் திறந்து மூடியது. "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்றார் ஓர் அக்கா. நான் செய்தது, 108-க்கு போன் போட்டது மட்டும். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அப்புறம் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். முதல் பத்து நிமிடத்திலேயே தூக்கிவாரிப்போட்டது. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு, கரையில் போட்ட மீன் மாதிரி வாய் அப்படித் திறந்து மூடுமாம். அது மூச்சே இல்லை. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால், உடனே சி.பி.ஆர் தொடங்க வேண்டும்.

108-க்கு அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். விழுந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் மண்டியிடுங்கள். நடு நெஞ்சில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பாகம், அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. 5 முதல் 6 செ.மீ ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே வர வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கமா? பெரியவர்கள் திடீரென விழுந்தால் அமுக்குவது மட்டும் போதும். குழந்தைகளுக்கும் தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சு கொடுப்பதும் முக்கியம். அதைப் பயிற்சியில்தான் கற்க முடியும்.

"விலா எலும்பு உடைஞ்சிட்டா?" என்று கேட்டேன். "உடையலாம். எலும்பு கூடிடும், நிறுத்தாதீங்க" என்றார் பயிற்சியாளர். பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் அமுக்குவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள். (அந்தப் பொம்மையை 1960-ல் முதலில் செய்தவர் நார்வே நாட்டு பொம்மை வியாபாரி லேர்டால். அதன் முகம், பாரிஸில் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணுடையது.)

தமிழகத்தில் 108 சேவை 2008-ல் தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரோடுதான் வண்டி வரும். ஆனால், மாலை ஏழு மணிக்கு இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி ரோட்டைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? சைரன் போட்டாலும் வண்டி பறக்க முடியாது. இதயம் நின்றவருக்கு யாரும் எதுவும் செய்யாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவிகிதம் குறைந்துகொண்டே போகும். வண்டி வரும்வரை பக்கத்தில் இருப்பது நாம்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தலையணையில் செய்து காட்டினேன். நல்லாயிருக்கிற ஆள் மேல் இதைப் பழகிப் பார்க்கக் கூடாது. கடைசிவரை பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "நான் விழுந்தா நீ அமுக்குவே. நீ விழுந்தா?"

வரும் ஞாயிறு அம்மாவும் வருகிறார்.