சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் முன்...



"டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன்!"

இந்த வார்த்தை கேட்காத வீடு உண்டா? எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்கும். அப்படிச் சொல்பவர்களில் முதல் ஆள் நானாகத்தான் இருந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எங்களுடையது திருச்சியில் ஒரு சின்ன வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, ஒரு சமையலறை. டி.வி. இருப்பது ஹாலில். என் மகன் படிக்கும் மேஜை இருப்பதும் ஹாலில். மாமியாரின் கட்டிலும் அங்கேதான். அத்தைக்கு அப்போது 74 வயது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தால், ஒன்பதரை வரை வரிசையாக சீரியல்தான். சத்தம் 20-ல் வைத்தாலே எங்களுக்கெல்லாம் போதும். அத்தை 45-க்குக் கீழே இறங்கவே மாட்டார். சீரியலில் யாராவது அழுதால், மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்!

2024 மார்ச்சில் மகனுக்கு பிளஸ் டூ பரீட்சை. அந்த ஜனவரியிலிருந்தே வீடு போர்க்களம். "அப்பாயி, குறைங்க அப்பாயி, ஒண்ணுமே மண்டையில ஏற மாட்டேங்குது" என்பான் அவன். "எனக்கே காதுல விழல, இதுக்கு மேல என்னத்தைக் குறைக்கறது?" என்பார் அத்தை. காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய என்னவர் உள்ளேயிருந்து, "மனுஷன் தூங்க வேண்டாமா?" என்று கத்துவார். நடுவில் நான், கையில் கரண்டியோடு. ரிமோட்டை வாங்கிக் குறைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் மறுபடியும் 45!

அப்போது ஊரிலிருந்து வந்த என் தம்பி, "ஸ்மார்ட் டி.வி.தானே அக்கா? ஒரு புளூடூத் ஹெட்போன் வாங்கிப் போடு. அவங்களுக்கு மட்டும் கேட்கும். ஒயரே கிடையாது" என்றான். எனக்குத் தெய்வமே நேரில் வந்து வழி சொன்ன மாதிரி இருந்தது. சிறுவாட்டுப் பணத்திலிருந்து 1,500 ரூபாய் எடுத்து, காதை முழுக்க மூடுகிற மாதிரி ஒன்று வாங்கினேன். மகன் ஐந்தே நிமிடத்தில் டி.வி.யோடு இணைத்துவிட்டான். நானே கொண்டுபோய் அத்தையின் தலையில் மாட்டினேன்.

ஹால் நிசப்தமாகிவிட்டது. மகன் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். "அப்பாடா!" என்று நானும் மூச்சு விட்டேன்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அத்தை ஹெட்போனைக் கழற்றி டி.வி. ஸ்டாண்டில் வைத்தார். டி.வி.யை அணைத்தார். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் டி.வி. பக்கமே போகவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். பையன் நன்றாகப் படித்தான், என்னவர் நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏன் அத்தை, சீரியல் பார்க்கலையா?" என்றேன்.

"எதுக்கு கண்ணு? காதை மூடி ஒரு மூலையில உட்கார வச்சிட்டீங்க. நீங்க மூணு பேரும் என்ன பேசறீங்க, எதுக்குச் சிரிக்கறீங்கன்னு எனக்குத் தெரிய வேணாம். அதானே?" என்றார்.

அப்படியொரு எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. ஆனால், அப்படித்தான் செய்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம் உறைத்தது. அத்தை மேலும் சொன்னார்: "எங்க காலத்துல தெருவுக்கே ஒரு வீட்டுலதான் டி.வி. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்க அம்புட்டு சனமும் அங்கதான் இருக்கும். உட்கார இடமிருக்காது. இப்ப என்னடான்னா ஒரே வீட்டுக்குள்ள காதுக்குக் காது தனித்தனியா!"

சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "சத்தம் கேட்குது கண்ணு. என்ன பேசறாங்கன்னுதான் புரியல. அதான் கூட்டிக் கூட்டிப் பார்க்கறேன்" என்றார்.

தோழியரே, இரண்டு வருடமாக நான் அவரைப் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அவ்வளவு திமிர்" என்று என் அம்மாவிடம் போனில் புகார் சொல்லியிருக்கிறேன். போன் வந்தால் எடுக்காமல் என்னிடம் நீட்டியதும், விருந்தாளிகள் பேசும்போது சம்பந்தமில்லாமல் சிரித்து வைத்ததும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கின. காது மந்தமாகிக்கொண்டிருந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்திருக்கிறார். 'செவிட்டுக் கிழவி' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்!

அந்த வாரமே பெரியாஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனேன். முதலில் காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்தார்கள். பிறகு ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, பல விதமான ஒலிகளைக் கொடுத்துக் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். வயதாக ஆகக் கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகுமாம். 'ச', 'ஸ', 'த' போன்ற எழுத்துகளின் ஒலி தேய்ந்துவிடுவதால், சத்தம் கேட்டாலும் வார்த்தை புரியாது. அதிலும் சீரியலில் பின்னணி இசை போட்டு அடிக்கும்போது பேச்சு அதிலேயே அமுங்கிப் போகிறது. சத்தத்தைக் கூட்டினால் இசையும் சேர்ந்துதான் கூடும். பிறகு எப்படிப் புரியும்? 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் நம் தெருவில் எத்தனை அத்தைகள், எத்தனை மாமாக்கள்!

வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை நானாகக் கொண்டுபோய் மாட்டவில்லை. "பேச்சு தெளிவா கேட்குதான்னு ஒரு தடவை போட்டுப் பாருங்க அத்தை. பிடிக்கலைன்னா வேணாம்" என்று கையில் கொடுத்தேன். நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஹால் இரைச்சல், மிக்ஸி சத்தமெல்லாம் குறைந்து, பேச்சு நேராகக் காதருகே வந்ததும் அத்தையின் முகம் மலர்ந்தது. "அடி, இவ அவளோட தங்கச்சியா? நான் இத்தனை நாளா மக-ன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்!" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சில மாதம் கழித்துக் காது மெஷினும் வாங்கிக் கொடுத்தோம்.

ஹெட்போனை இணைப்பது எப்படி என்று பல தோழியர் தயங்குவார்கள். பிள்ளைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம், நாமே செய்யலாம். ஹெட்போனின் பவர் பட்டனை விளக்கு சிமிட்டும் வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். (சிலவற்றில் இதற்கென்றே புளூடூத் பட்டன் தனியாக இருக்கும்.) பிறகு டி.வி. ரிமோட்டில் செட்டிங்ஸ் போய், 'சவுண்ட் அவுட்புட்' என்ற இடத்தில் புளூடூத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு டி.வி.யானால் 'ரிமோட்ஸ் அண்டு ஆக்சஸரீஸ்' என்ற இடத்தில் இருக்கும். திரையில் ஹெட்போனின் பெயர் வந்ததும் ஓ.கே. கொடுத்தால் முடிந்தது. கேபிள் செட்டாப் பாக்ஸ் வழியாக டி.வி. பார்ப்பவர்களுக்கும் இதே முறைதான். ஏற்கெனவே செல்போனோடு இணைத்திருந்த ஹெட்போனானால், முதலில் செல்போனில் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

டி.வி.யில் புளூடூத் இல்லையா? கவலை வேண்டாம். 'புளூடூத் டிரான்ஸ்மிட்டர்' என்று தீப்பெட்டி அளவில் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதை டி.வி.யின் ஹெட்போன் துளையில் செருகி இணைக்கலாம். இன்னொரு விஷயம். சில டி.வி.க்களில் ஹெட்போன் போட்டவுடன் டி.வி.யின் சொந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். சிலவற்றில் மட்டும் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் வசதி உண்டு. எல்லோரும் சேர்ந்து பார்க்கும்போது பெரியவர்களுக்கு மட்டும் ஹெட்போன் தேவை என்றால், வாங்கும்முன் கடையில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். புளூடூத்தில் ஒலி ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதமாக வரும். வாய் முன்னால் அசைந்து பேச்சு பின்னால் வந்தால், செட்டிங்ஸில் ஒலித் தாமதத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் சத்தத்தை முழு அளவில் 60 சதவீதத்துக்கு மேல் போக விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிள்ளைகள் விஷயத்தில் இதில் கண்டிப்பாக இருங்கள்.

இனி என் கதை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு டி.வி. என்றால் இரவு பத்து மணிக்கு மேல்தான். பாத்திரம் கழுவி, அடுப்பு மேடை துடைத்து, மாவை எடுத்து வைத்துவிட்டு உட்காரும்போது வீடே தூங்கிவிடும். யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று சத்தத்தை 3-ல் வைத்து, பழைய படங்களை வாயசைவிலேயே பார்த்துப் பழகியவள் நான். அத்தைக்கு வாங்கிய ஹெட்போனை ஒருநாள் இரவு நான் மாட்டிக்கொண்டேன். பலமுறை பார்த்த கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால், பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இத்தனை வருடமாக நான் படத்தைப் பார்த்தேனே தவிர, கேட்கவே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. யாருக்கும் தொந்தரவில்லாமல், யாரும் குறைக்கச் சொல்லாமல், எனக்கே எனக்கென்று இரண்டு மணி நேரம்!

"இந்த வயசுல ஹெட்போனா? காலேஜ் பொண்ணுன்னு நினைப்பா?" என்று என்னவர் கிண்டல் செய்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "பகல் பூரா நம்ம எல்லார் சத்தத்தையும் அவ காதுதானே தாங்குது? ராத்திரி ஒரு ரெண்டு மணி நேரம் அவ காது அவளுக்குன்னு இருக்கட்டுமேடா." போன மாதம் எனக்கென்று தனியாக இன்னொன்று வாங்கிவிட்டேன். (ஒரு எச்சரிக்கை: அடுப்பில் எதையும் வைத்துவிட்டு இதை மாட்டாதீர்கள். கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒரு லிட்டர் பால் பொங்கி ஊற்றியது. குக்கர் விசிலும் கேட்காது, காலிங் பெல்லும் கேட்காது!)

'ஆளுக்கொரு ஹெட்போன் போட்டால் குடும்பம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஸ்பீக்கரில்தான் ஓடும். அத்தைக்குப் புரியாத இடத்தை யாராவது சொல்லிவிடுவோம். சாப்பாட்டு வேளையில் யார் காதிலும் எதுவும் இருக்கக் கூடாது என்பதும் சட்டம்.

ஒரே ஹெட்போன்தான். நான் மாட்டிவிட்டபோது அத்தைக்கு அது தண்டனை. அவராக எடுத்துப் போட்டுக்கொண்டபோது அதுவே உதவி. எனக்கோ அது விடுதலை. ஆகவே தோழியரே, வீட்டுப் பெரியவர்களிடம் "சத்தத்தைக் குறைங்க" என்று சொல்லும் முன், "ஏன் கூட்டுறீங்க?" என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் தெரிந்தபிறகு ஹெட்போன் வாங்கலாம். அப்படியே உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்!

— ஒரு வாசகி, திருச்சி.