டி.சி. கொடுத்தால் தீர்ந்துவிடுமா?



பட்டாசு ஆபீசில் மருந்து அறைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. ஒரு பொறி என்ன செய்யும் என்பது அச்சங்குளம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அங்கே ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட பாட்டாளிகள் மாண்டார்களே, அந்தத் துயரம் மறக்கக் கூடியதா?

வேலைக்குப் போகும் நாம் வீட்டில் விட்டுச் செல்லும் செல்போன் பிள்ளையின் கையில் இருக்கிறது. 2020-ல் கொரோனா பள்ளிகளை மூடியது. பாடம் செல்போனில் வந்தது. கடன்பட்டாவது வாங்கிக் கொடுத்தோம். அதில் தவறில்லை. ஆனால் அதற்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருவனை நம்பித் தன் அந்தரங்கப் படத்தை அனுப்புகிறாள். அவன் நண்பனுக்கு அனுப்புகிறான். மாலைக்குள் வகுப்பே பார்த்துவிடுகிறது.

பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும்? “தகப்பனைக் கூப்பிடு, டி.சி.யைக் கொடு, பள்ளியின் பெயர் கெடக் கூடாது” என்பார் சிலர். கேட்கிறோம்: டி.சி. கொடுத்தால் படம் அழிந்துவிடுமா?

2004-ல் டெல்லியில் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் செல்போனில் எடுத்த படம் ஊரெங்கும் பரவியது. மாணவனும் மாணவியும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். படமோ இணைய ஏலக் கடையில் விலைக்கே வந்தது! கடைத் தலைவர் கைதாகும் வரை போனது வழக்கு. நீக்கியதால் யாருக்கு என்ன நன்மை?

டெல்லியின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேறு பள்ளி கிடைக்கும். நம் வீட்டுப் பெண்ணுக்கு? தீப்பெட்டி ஆபீஸ், இல்லையேல் அவசரக் கல்யாணம்! கல்வி உரிமைச் சட்டம் 2009 எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதிலும் பத்திலும் அந்தக் காப்பு இல்லை. ஆபத்து வருகிற வயதில்தான் வேலி அறுந்து கிடக்கிறது!

சட்டம் பள்ளிக்கு வேறு கடமையைச் சொல்கிறது. 2012-ம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, குற்றம் தெரிந்தவர் போலீசுக்கு அறிவித்தாக வேண்டும்; மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. “சாட்சிக்காக” என்று அந்தப் படத்தை மற்ற ஆசிரியர்களுக்கு அனுப்பும் தலைமை ஆசிரியர் தாமே குற்றவாளியாகிறார். அதை வைத்திருப்பதும் குற்றமாகும் என்று 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பாலியல் கல்வி தேவை என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது.

படத்தைப் பரப்பிய பையனும் பதினெட்டு நிரம்பாதவனானால் அவன் போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. அங்கே நோக்கம் திருத்தமே. அவன் தப்பவும் கூடாது, அழியவும் கூடாது.

பொள்ளாச்சியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கயவர்களின் மூலதனம் எது? “வெளியே சொன்னால் மானம் போகும்” என்ற பெண்களின் அச்சம்! அந்த அச்சத்தை உதறிப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதிக்கப்பட்டது. டி.சி. கொடுக்கும் பள்ளி அந்த அச்சத்தையல்லவா வளர்க்கிறது!

எனவே கோருகிறோம்: கல்வி உரிமைச் சட்டத்தின் காப்பு பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள வேண்டும். பெண் படிப்பைத் தொடர வேண்டும். அந்தரங்கம், ஒப்புதல், சட்டம் ஆகியவற்றை ஆணுக்கும் பெண்ணுக்கும் வகுப்பறையில் கற்பிக்க வேண்டும். 1098, 14417 என்ற உதவி எண்கள் பள்ளிச் சுவரில் பளிச்சென்று தெரிய வேண்டும்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு சொல். மகள் அழுதுகொண்டு வந்து நின்றால் கையை ஓங்காதீர்கள். “பயப்படாதே அம்மா, நான் இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். பிறகு அவளுடன் பள்ளிக்குப் போங்கள். டி.சி.யை நீட்டினால் வாங்காதீர்கள்!