பழைய துவக்கும் புதிய குறிமுனையும்

இலக்கணம் கற்பிப்பவனுக்குத் துவக்கைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இங்கிலாந்தில் வதியும் என் பழைய மாணாக்கர் ஒருவர் எழுதிய மடலே என்னை இதில் இழுத்துவிட்டது. அவரிடம் உள்ளது 1853ஆம் ஆண்டு என்பீல்ட் றைபிளின் படி. 1970களில் பேர்மிங்காமில் பாக்கர் ஹேல் நிறுவனத்தார் செய்தது. (1857இல் இந்தியச் சிப்பாய்கள் கடிக்க மறுத்த தோட்டா இதன் மூலத்துக்கு உரியதே.) ஐம்பது கெஜத்தில் வைத்த இலக்குக்கு மேலேயே குண்டு போகின்றதாம். குழல் நுனியிலுள்ள குறிமுனையை உயரமானதாக மாற்றிவிடலாமா என்று வினவுகின்றார்.

முனை உயர்ந்தால் குழல் தாழும். குழல் தாழ்ந்தால் குண்டும் தாழும். கணக்குச் சரிதான். ஆனால், குண்டு மேலே போவது பிழையென்று எவர் சொன்னார்?

அத்துவக்கின் பின்குறியில் மிகக் குறைந்த தூரமே 100 கெஜம். பின்னர் 200, 300, 400 எனப் படிகள். அதற்கப்பால் ஏணி போன்ற சிறு தகட்டை நிமிர்த்தி, 900 கெஜம் வரையும் குறிபார்ப்பர். குண்டோ கனமானது, வேகம் குறைந்தது. வில்லாய் வளைந்தே செல்லும். நெடுந்தூரத்தில் ஐம்பது கெஜம் பிழைபட மதித்தாலும் இலக்குத் தப்பும். இதனாலன்றோ 1853இல் ஹைத் என்னும் ஊரில் பயிற்சிக் கல்லூரி நிறுவி, தூரத்தைக் கண்ணால் மதிக்கவும் படைவீரருக்குக் கற்பித்தனர்! நூறு கெஜத்துக்கென அமைந்த குறி ஐம்பதில் மேலே அடிப்பது அக்கருவியின் இயல்பு. முனையை உயர்த்தினால் ஐம்பது கெஜம் சீராகும். ஏணியிற் பொறித்த எண்கள் அனைத்தும் பொய்யாகும். விளங்காத சொல்லொன்றைத் திருத்தப் புகுந்து, செய்யுள் முழுவதன் எதுகையையும் கெடுத்த பதிப்பாசிரியரை நாம் அறியோமா?

இன்று இத்தகைய படிகள் பல இத்தாலியிலிருந்து வருகின்றன. கார்டோனே என்னும் ஊரில் வெடித்துச் சோதித்துப் பொறித்த முத்திரையையும் ஆண்டுக்குறியையும் அராவி அழித்து, படியை மூலம்போற் காட்டுவோரும் உளர். அவர்களோடு ஒப்பிட, என் மாணாக்கர் எண்ணியது சிறு குற்றமே.

எனினும், படி செய்தவன் கையாற் புகுந்த பிழையும் இருக்கலாமே! ஆதலின், “மூலத் துவக்கொன்றின் முனையோடு முதலில் அளந்து பாரும், உம்முடையது குட்டையாயின் தயங்காது திருத்தும். ஒத்திருப்பின், தாழக் குறிபார்த்துப் பழகும். போட்டிக்காக மாற்றியே தீரவேண்டுமெனின், பழைய முனையை அராவி எறியாது கழற்றிப் பேணிவையும்” என எழுதினேன். அளந்தாரோ, அராவினாரோ, மறுமொழி இன்னும் வரவில்லை.