நியாய வாடகை

ஏரிகளைப் பற்றிக் கவிதை எழுதுவதை நம் கவிஞர்கள் ஒரு ஐந்து வருஷத்துக்கு நிறுத்தி வைக்கலாம். வரப்பு, தூர்ந்த கிணறு, வெட்டப்பட்ட புளியமரம் இவற்றையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். குறும்புக்காகச் சொல்லவில்லை. எளாவூரில் குடியிருந்துகொண்டு, கைக்கு வந்து சேரும் பத்திரிகைகளை ஒன்றுவிடாமல் படித்த பிறகு இந்த யோசனைக்கு வந்திருக்கிறேன்.

எளாவூர், சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். அதற்கடுத்த ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. கிழக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே சிப்காட்டின் உருக்காலைகள். பக்கத்தில் கல்கத்தா போகும் நெடுஞ்சாலை. அந்தச் சாலையோரத்தில் மஞ்சளும் வெள்ளையும் அடித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முகப்பில் ஒரு வளைவு, வளைவில் ஏதோ ஒரு நகர், அவென்யூ அல்லது சிட்டி. உள்ளே ஒரு வீடும் கிடையாது.

மனை என்றால் வீடு. மனையாள் என்ற சொல் அங்கிருந்து வந்தது. இந்தப் பக்கத்தில் இன்று மனை என்றால் நான்கு கல்லுக்கு நடுவில் முளைத்திருக்கும் கருவேலஞ்செடி. வாங்கியவர் அண்ணாநகரிலோ துபாயிலோ இருக்கிறார். வீடு கட்டும் உத்தேசம் அவருக்கு இல்லை. விலை ஏறக் காத்திருக்கிறார். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யக்கூடாது என்று தடுத்தது. 2017ல் வரன்முறை விதிகள் வந்தன. பணம் கட்டியவர்களுக்குச் சரியாயிற்று. அதற்குப் பிறகு ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ என்பது மனை நோட்டீஸின் பிள்ளையார் சுழி. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை வந்தது. நகரம் காகிதத்தில் ஒரே நாளில் ஐந்து மடங்காயிற்று. ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று கூச்சத்தோடு அச்சடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது கூச்சமும் தேவையில்லை.

அந்த நோட்டீஸ்களைப் படித்திருக்கிறீர்களா? தூய காற்று, நீர்நிலை, பறவைகள், பசுமை, அமைதி. இப்போது நம் கவிதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே காற்று, அதே நீர்நிலை, அதே பறவைகள். ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார், மற்றவர் இருந்ததாகச் சொல்கிறார். வித்தியாசம் வினைமுற்றில் மட்டும். இரண்டுமே நிலத்தை வைத்திருப்பவனின் பார்வை. விற்கப்போகிறவன் நோட்டீஸ் அடிக்கிறான். விற்றுவிட்டு, பணத்தைப் பாங்கில் போட்டுவிட்டு, கொஞ்சம் மனசு கேட்காதவன் கவிதை எழுதுகிறான். அவன் துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் துக்கப்படுவதற்கும் ஒரு பட்டா வேண்டியிருக்கிறது என்பதை நம் விமர்சகர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

வாடகைக்கு இருப்பவனுக்கு இந்தக் கவிதையில் இடமில்லை. அவனுக்கு இழக்க வயல் இல்லை. அவன் இழப்பது மாதாமாதம் ஐந்தாம் தேதி. கற்கள் நட்ட காலி மனைகளுக்கு எதிரே, ஓடு வேய்ந்த அல்லது தகரம் போட்ட லைன் வீடுகள் இருக்கின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் உருக்காலைக்கு வந்தவர்கள் ஒரு அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர். வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. ஷிப்டு மாறும்போது பாயும் கைமாறுகிறது. சப் மீட்டரில் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் ரேட். ஆள் இல்லாத இடம் அந்தப் பக்கம், இடம் இல்லாத ஆள் இந்தப் பக்கம். நடுவில் ஒரு மண் ரோடு. நம் இயற்கைக் கவிஞர் இதைத் தாண்டித்தான் பூநாரை பார்க்கப் பழவேற்காட்டுக்குப் போகிறார்.

இன்னொன்று. சொற்கள் அழிவதைப் பற்றி நாம் நிறையப் பிரலாபிக்கிறோம். ஏற்றம் போயிற்று, குதிர் போயிற்று, பத்தாயம் போயிற்று. சரி. 1960ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒரு சொல் இருந்தது. குடியிருப்பானால் நிலமும் கட்டிடமும் சேர்ந்த மதிப்பில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்பது, மற்றவற்றுக்குப் பன்னிரண்டு. பழைய வாடகையை உயர்த்துவதற்கு வீட்டுக்காரர்களும் இதே சொல்லைப் பிடித்துக்கொண்டு கோர்ட் ஏறினார்கள் என்பது வாஸ்தவம். அது ஏழைக்கு ஒன்றும் கோட்டையாக இருக்கவில்லை. ஆனாலும் கேட்பவன் வாய்க்கும் கொடுப்பவன் பைக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு அளவு உண்டு என்று ராஜ்யம் ஒப்புக்கொண்டிருந்த சொல் அது. 2017ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. பன்னிரண்டு மணி நேரம் உலை முன்னால் நின்றுவிட்டு வந்தவன், ராத்திரிக்குள் ஒரு பாய் விரிக்க வேண்டியவன், என்ன ஒப்புக்கொள்ள மாட்டான்? முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. பட்டணத்தில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவரிடம் அதை வாசித்துக் காட்டிப் பாருங்கள்.

நியாய வாடகை என்ற சொல் செத்ததற்கு யாரும் இரங்கல் கவிதை எழுதவில்லை. குதிருக்கு எழுதினோம்.

1970களில் அசோகமித்திரன் ‘தண்ணீர்’ எழுதினார். ஒரு தெரு, அதில் குடித்தனக்காரர்கள், குழாயில் வராத தண்ணீர். நாட்டுப்புறத்துக்காக அழாமல் பட்டணத்தை எழுத முடியும் என்பதற்கு அது போதும். அந்த வழியில் கூட்டம் சேரவில்லை.

அதே காலத்தில்தான் குடிசை மாற்று வாரியமும் வந்தது, 1970ல். ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு அகற்றுதல் என்று அர்த்தம். தமிழில் மாற்று. ஆரம்பத்தில் வாரியம் பெரும்பாலும் தமிழ்ப் பெயருக்கு விசுவாசமாக, இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டிற்று. 2000த்தில் கண்ணகி நகர் தொடங்கிய பிறகு ஆங்கிலப் பெயருக்கு மாறிவிட்டது. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பிழைப்பிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி. ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் இடத்துக்கு ஊரை எரித்தவள் பெயரை வைத்த அதிகாரிக்கு நம் கவிஞர்களைவிட நகைச்சுவை உணர்வு அதிகம். 2021ல் வாரியத்தின் பெயரே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. அகற்று, மாற்று இரண்டும் போய் மேம்பாடு மிஞ்சியது.

அவர்களையாவது லாரியில் ஏற்றினார்கள். கணக்கு இருக்கிறது, டோக்கன் இருக்கிறது. என்னைப் போன்றவர்களை வாடகையே ஏற்றி அனுப்பிவிடுகிறது. தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகருக்கு மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்தது. அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர், மிகவும் மரியாதையான மனிதர், காப்பி கொடுத்துவிட்டு வாடகையை ஒன்றரை மடங்காக்கினார். மீஞ்சூர், பொன்னேரி, எளாவூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக வடக்கே வந்திருக்கிறேன். இதற்கு யாரிடமும் ரிக்கார்டு கிடையாது. அடுத்தது ஆரம்பாக்கம். அதற்கப்புறம் தெலுங்கில்தான் வீடு தேட வேண்டும்.

பிரச்சாரம் எழுதச் சொல்கிறாயா என்று நண்பர்கள் கேட்பார்கள், அந்தக் கேள்வியைத் தயாராக வைத்திருப்பவர்கள். இல்லை. எழுதுகிறவனின் பிரக்ஞையில் ஒரு அறையின் வாடகை எவ்வளவு என்ற தகவலாவது இருக்கட்டும் என்கிறேன். ஏரியை எழுதும்போது அதன் கரையில் யார் எந்தக் கணக்கில் படுத்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டு எழுதட்டும். தெரிந்த பிறகும் ஏரிதான் வருமென்றால் வரட்டும்.

இந்த விஷயத்தைப் பற்றி இங்கே எழுதியிருப்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் தெருக்கோடி லைன் வீட்டுச் சுவரில் கரியால், ஹிந்தியில், அறை காலி, தலைக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார். எழுத்து கோணல். எண்ணை மட்டும் இரண்டு தடவை அடித்துத் திருத்தியிருக்கிறார்.