பதக்கக் கணக்குக்கு வெளியே



1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தங்கத்துடன் பதக்கப் பட்டியலில் 36ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்ட பிரித்தானியா, 2012 லண்டன் போட்டியில் 29 தங்கம் வென்றதற்கு, தேசிய லாட்டரி வருவாயையும் அரசு நிதியையும் உயர்நிலை விளையாட்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பொது அமைப்பான யுகே ஸ்போர்ட் முக்கியக் காரணம் என்பதை மறுக்க இயலாது. எனினும், பதக்க வாய்ப்பையே முதன்மை அளவுகோலாகக் கொண்ட அவ்வமைப்பு, 2014இல் கூடைப்பந்துக்கான நிதியை நிறுத்தியது பெரும் பிழை. ஒரு பந்தும் ஒரு வளையமும் இருந்தால் போதும் என்பதால் ஏழைப் பிள்ளைகளுக்கும் எட்டும் ஆட்டம் அது. லண்டனின் ஃபாரஸ்ட் கேட் போன்ற பகுதிகளில், பள்ளி விட்ட மாலையில், வலை அறுந்து வெறும் வளையம் மட்டும் தொங்கும் கம்பத்தடியில், தமிழ்ப் பிள்ளைகளும் சோமாலியப் பிள்ளைகளும் இருட்டும் வரை பந்து தட்டுகின்றனர். அவர்கள் தேசிய அணி வரை ஏறிச் செல்வதற்கான படிகளை அமைப்பதே அரசு அமைப்பின் முதற்கடமை; பதக்கம் அதன் பின்னரே வரும். அடித்தள விளையாட்டைப் பேணும் ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்புடன் யுகே ஸ்போர்ட் இணைந்து, பங்கேற்போர் எண்ணிக்கையையும் நிதி ஒதுக்கீட்டின் அளவுகோலாக ஏற்க வேண்டும்.

வாசகர்,
ஃபாரஸ்ட் கேட், லண்டன்