கடை திறந்தே இருக்கிறது. வழி சொல்வார் யார்?



முன்னெல்லாம் வெளியூரிலிருந்து வந்திறங்கும் ஒருவர், நல்ல தையற்காரர் எங்கே இருக்கிறார் என்று அறிய விரும்பினால், பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலோ பள்ளிவாசல் முகப்பிலோ நின்று எவரையேனும் கேட்பார். கேட்கப்பட்டவரும், "நேரே போய் மூன்றாம் தெருவில் திரும்புங்கள், நான் அனுப்பியதாகச் சொல்லுங்கள்" என்று வழி காட்டுவார். சிறு வணிகருக்கு அந்த ஒரு சொல்லே விளம்பரம். அதுவே அவருடைய அடுப்பெரியக் காரணம். இன்று அந்தக் கேள்வி மனிதரிடம் கேட்கப்படுவதில்லை. கைப்பேசியிடம் கேட்கப்படுகிறது.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன்பு காயல்பட்டினத்தில் ஓர் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தேன். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார், பிள்ளைகளுக்குப் பெருநாள் உடை தைக்க எண்ணி, முன்பு தாங்கள் அறிந்திருந்த ஒரு தையற்கடையின் பெயரைச் சொல்லிக் கைப்பேசியில் வினவினர். 'அக்கடை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது' என்று விடை வந்தது. அவர்களும் வருந்திவிட்டுத் திருநெல்வேலிக்குச் சென்று ஆயத்த ஆடை வாங்கித் திரும்பினர். அதே வேளையில் அந்தத் தையற்காரக் காக்கா, இரண்டு தெரு தள்ளித் தம் எந்திரத்தின் முன் அமர்ந்து, வாடிக்கை குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்டுக் கொண்டிருந்தார்!

செய்தியைச் சொன்னபோது அவர் திகைத்துப் போனார். "தம்பி, நான் ஒருநாளும் கடையை மூடவில்லையே! மூடியதாக யார் சொன்னது?" என்று கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் கடையை இடம் மாற்றியிருக்கிறார். பழைய இடத்தில் கடை இல்லாததைக் கண்ட யாரோ ஒருவர், இணைய வரைபடத்தில் 'மூடப்பட்டது' என்று குறித்துவிட்டார். புதிய இடத்திற்கோ பதிவே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஓர் உழைப்பாளியின் பிழைப்பில் மண் விழுந்தது. எண்ணிப் பாருங்கள்: வாசல் வரை வந்து திரும்பிச் செல்பவரைக் கடைக்காரர் காண்பார், காரணம் கேட்பார். கைப்பேசியோடு திரும்பிச் செல்பவரை அவர் காண்பதே இல்லை. இழப்பு நேர்ந்ததையே அறியாத இழப்பு இது.

இந்த நிலை அண்மையில் மேலும் கூர்மை அடைந்திருக்கிறது. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் கருவி பொதுமக்களுக்கு அறிமுகமாயிற்று. 2024 அக்டோபர் இறுதியில் அதனுடன் இணையத் தேடலும் இணைக்கப்பட்டது. கூகுள் நிறுவனமும், செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் சுருக்க விடையைத் தன் தேடல் பக்கத்தின் உச்சியில் 2024 மே மாதம் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் வழங்கத் தொடங்கிற்று. முன்பு தேடினால் பத்து இணைப்புகள் வரும். நாம் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிவு செய்வோம். இன்றோ இரண்டு மூன்று கடைகளின் பெயர்களுடன் ஒரே விடை வருகிறது. அந்த இரண்டு மூன்றில் இடம்பெறாத கடை, கேட்பவரைப் பொறுத்தவரை இல்லாத கடையே.

அந்தக் கருவி நம் தெருவில் நடந்து பார்த்து விடை சொல்வதில்லை. வரைபடப் பதிவுகள், கடைகளின் இணையப் பக்கங்கள், வாடிக்கையாளர் எழுதிய கருத்துரைகள் ஆகியவற்றைத் திரட்டி, அவற்றிலிருந்து விடையைக் கோத்துத் தருகிறது. எழுத்தில் இல்லாத நற்பெயர் அதன் கண்ணுக்குப் படாது. முப்பது ஆண்டுகளாக ஊரார் வாயில் வாழும் பெயராயினும் சரியே!

ஆகவே செய்ய வேண்டியவை என்ன?

முதலாவது, வரைபடப் பதிவை உரிமையாளரே தம் கைக்குக் கொண்டுவர வேண்டும். 2014இல் 'கூகுள் மை பிசினஸ்' என்று தொடங்கி, 2021 முதல் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்று வழங்கும் ஏற்பாடு இதற்கென்றே உள்ளது. இதற்குக் கட்டணம் இல்லை. கடைப் பலகையையும் உட்புறத்தையும் காணொளியாகக் காட்டியோ, தொலைபேசி வழியாகவோ, நிறுவனம் கோரும் வேறு வகையிலோ உரிமையை மெய்ப்பிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடலுக்கும் ஆப்பிளின் வரைபடத்திற்கும் தனித்தனிப் பதிவுகள் உண்டு. விடை சொல்லும் கருவிகள் யாவும் ஒரே ஊற்றிலிருந்து நீர் மொள்வதில்லை. எனவே அவற்றிலும் பதிந்து வைப்பது நன்று.

இரண்டாவது, பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எங்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நம் கடைகளுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 'முஹம்மது' என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் நாம் எத்தனை வகையாக எழுதுகிறோம்! பலகையில் ஒரு வகை, ரசீதில் ஒரு வகை, வரிப் பதிவில் வேறொரு வகை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்ப் பெயர்களுக்கும் இதே கதிதான். மனிதருக்கு இவை ஒன்றே. எந்திரத்திற்கோ வேறு வேறு கடைகளாகத் தோன்றக்கூடும். ஒரு வடிவத்தைத் தெரிந்து அதையே எங்கும் பயன்படுத்துங்கள். தமிழ்ப் பெயரையும் உடன் எழுதுங்கள். தமிழில் பேசித் தேடுவோர் இன்று பலர். ஆனால் பெயரோடு 'சிறந்த', 'மலிவான' என்னும் அடைமொழிகளை ஒட்டாதீர்கள். பலகையில் உள்ள பெயரையே தர வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பதிவு முடக்கப்படவும் கூடும்.

மூன்றாவது, நேரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக அடைக்கும் நேரம், ரமளானில் மாறும் நேரம், பெருநாள் விடுமுறை ஆகியவற்றைப் பதிவில் குறிக்க இடமுண்டு. திறந்திருப்பதாக நம்பி வெயிலில் வந்து பூட்டைக் கண்டு திரும்பியவர், மறுமுறை வரத் தயங்குவார்.

நான்காவது, வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் தொழிலை விவரிக்க வேண்டும். 'அனைத்துத் தையல் வேலைகளும்' என்று எழுதுவதால் பயன் குறைவு. சிறுவர் ஜிப்பா தைக்கப்படும், பர்தா அளவு குறைத்துத் தரப்படும், கொடுத்த மூன்றாம் நாள் கிடைக்கும், கூலி இவ்வளவு என்று எழுதினால், அப்படிக் கேட்பவருக்கு எந்திரம் அப்படியே எடுத்துச் சொல்ல இயலும். விலைப் பட்டியலைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் தாருங்கள். வாட்ஸ்அப் நிலைத்தகவலில் காட்டுவது நம்மை அறிந்தவருக்கு மட்டுமே தெரியும். புதியவருக்கு அது மூடிய கதவு.

ஐந்தாவது, கருத்துரைகள். உண்மையாகப் பொருள் வாங்கியவரிடம், உண்மையை எழுதுங்கள் என்று வேண்டுவதில் குற்றமில்லை. காசுக்கோ தள்ளுபடிக்கோ புகழுரை வாங்குவதைக் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. இணையக் கருத்துரைகளின் நேர்மைக்கென இந்தியத் தர நிறுவனம் 2022இல் ஒரு தரநிலையே வெளியிட்டது. விதி இருக்கட்டும், பொய்ச் சான்று பெற்று விற்பது, எடைக்கல்லைக் குறைத்து விற்பதற்கு நிகரல்லவா? குறை கூறுவோருக்கும் பொறுமையாக மறுமொழி எழுதுங்கள். அடுத்து வருபவர் குறையைவிட மறுமொழியையே கூர்ந்து படிப்பார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 'உங்கள் கடையை முதலிடத்தில் நிறுத்துகிறோம்' என்று தொலைபேசியில் பணம் கேட்போர் பெருகிவிட்டனர். பொருத்தம், தொலைவு, பெயர்பெற்ற நிலை ஆகிய மூன்றையும் கொண்டே உள்ளூர்த் தேடலில் வரிசை அமைகிறது என்றும், பணம் கொடுத்து அதில் உயர்வு பெற இயலாது என்றும் கூகுள் தெளிவாகக் கூறியுள்ளது. விளம்பரம் என்பது வேறு; அது விளம்பரம் என்றே குறிக்கப்படும். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இல்லத்திலிருந்தே தையல், மருதாணி, பலகாரம் என்று தொழில் நடத்தும் சகோதரிகள், 'வீட்டு முகவரி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே' என்று அஞ்சுவது இயல்பு. வாடிக்கையாளரிடம் தாமே சென்று பணி செய்வோர், முகவரியை மறைத்துச் சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம். தொழிலுக்கெனத் தனித் தொலைபேசி எண் வைத்துக்கொள்வது நலம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் இணையத்தில் மட்டும் விற்போருக்கு இப்பதிவு கிடையாது என்பதையும் அறிந்திருங்கள்.

அந்தத் தையற்காரக் காக்காவின் கடைக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கல்லூரியில் படிக்கும் அவருடைய மருமகன் ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்து பழைய பதிவைத் திருத்தினான், புதிய இடத்தின் படங்களைச் சேர்த்தான், கூலியை எழுதினான். சில வாரங்கள் கழித்து நான் வினவியபோது ஒரு கருவி கடையைச் சரியாகச் சொல்லிற்று. மற்றொன்று இன்னும் சொல்லவில்லை. விடை எப்படி அமையும் என்பதற்கு எவராலும் உறுதி தர இயலாது. ஆயினும் 'மூடப்பட்டது' என்னும் சொல் நீங்கிவிட்டது. "அதுவே போதும் தம்பி, நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும்" என்றார் அவர்.

வாசகர்களே! உங்கள் வாப்பாவுக்கோ மாமாவுக்கோ அண்டை வீட்டாருக்கோ ஒரு சிறு கடை இருக்கும். இன்று இரவு உணவுக்குப் பின், பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அக்கடையைப் பற்றிக் கைப்பேசியிடம் கேட்டுப் பாருங்கள். விடை தவறாயிருந்தால் திருத்த உதவுங்கள். நீங்கள் நெடுநாள் வாடிக்கையாளராக இருந்தால், அறிந்த உண்மையை நான்கு வரி எழுதுங்கள். அன்று தேநீர்க் கடையில் நின்று வழி சொன்னவர் செய்த அதே உதவியைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.