சின்ன முறம்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நண்பருடன் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவதற்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவற்றை ஒன்று விடாமல் எண்ணிவிடுவதென்று உட்கார்ந்தவன், இருபதைத் தாண்டியதும் எண்ணிக்கையையும் விட்டேன். கண்ணையும் மூடிக் கொண்டேன். வல்வில் ஓரி இந்த மலையை ஆண்ட காலத்தில் பஸ் இல்லாதது அவன் செய்த புண்ணியந்தான்.

மலையின்மேல் 14 நாடுகள் உண்டு. நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. அவற்றுள் ஒன்று வளப்பூர் நாடு. அறப்பளீசுவரர் கோயில் கொண்டிருப்பது அங்கேதான். அந்தப் பெருமான்மீது அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்தை நம் பாட்டனார் காலத்துப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து உருப் போட்டார்கள். வளப்பூர் நாட்டுத் தெய்வம் இப்படிச் சமவெளிப் பிள்ளைகளுக்குப் பாடமாக வந்தது. வளப்பூர் நாட்டுப் பிள்ளைகளிடமிருந்து நாம் ஏதேனும் பாடம் கற்றுக்கொண்டோமா? இந்தக் கேள்வி எனக்கு அங்கே ஒரு வீட்டு வாசலில்தான் தோன்றியது.

சுவாமி தரிசனம் முடிந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வழியிலிருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். அங்கே ஒரு பாட்டி சாமை புடைத்துக் கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய பேத்தி, நான்கு வயதிருக்கும். அவள் கையிலும் ஒரு முறம். பெரிய முறத்தில் பாதி அளவுகூட இராது. பாட்டி ஒரு தட்டுத் தட்டுவாள்; குழந்தை பார்ப்பாள்; பிறகு தானும் தட்டுவாள். உமியோடு தானியமும் கீழே சிதறும். பாட்டி கடிந்துகொள்ளவில்லை, "இப்படி அல்ல, அப்படி" என்று விளக்கவும் இல்லை. தன் முறத்தைச் சற்று மெதுவாக அசைத்தாள், அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் குழந்தையின் முறத்திலிருந்து உமிமட்டும் பறக்க ஆரம்பித்தது.

பிறகு இருவரும் விதைக்குக் கதிர் பொறுக்கினார்கள். குழந்தை தேர்ந்தெடுத்த கதிர்களைப் பாட்டி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இரண்டைத் தள்ளிவிட்டு, மற்றவற்றைத் தான் பொறுக்கியவற்றோடு ஒரே கூடையில் போட்டாள். என் ஆசிரியப் புத்தி சும்மா இருக்குமா? "ஏன் பாட்டி, நல்ல கதிர் எது என்று வாயால் சொல்லிக் கொடுக்கக்கூடாதா?" என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுத்தா வாய்க்குத்தான் வரும், வாத்தியாரே. கைக்கு வருமா?" என்றாள்.

நான் பட்டதாரி. கல்லூரியில் கல்வி முறைகளைப்பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவன். அந்தப் பரீட்சையில் இந்த விஷயத்தை நான்கு பக்கம் எழுதியதாக ஞாபகம்.

மழை விடவில்லை, ஆகவே இன்னும் சற்று யோசிக்க நேரம் கிடைத்தது. அந்தக் கூடையில் போன கதிர்தான் அடுத்த வருஷத்து விதை. நான்கு வயதுக் குழந்தையின் தீர்ப்பும் அதில் கலந்திருக்கிறது. நம் பாலர் வகுப்பில் குழந்தை வர்ணம் தீட்டிய காகிதத்தை என்ன செய்கிறோம்? பெற்றோருக்குக் காட்டிவிட்டுக் குப்பையில் போடுகிறோம். இங்கேயோ குழந்தை செய்த வேலை வீட்டுக்கு வேண்டிய வேலை. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவள் அவ்வளவு கவனமாகக் கதிரைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் என்னுடைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறக்குறையப் பதினைந்து வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த சமவெளிப் பள்ளி ஒன்றில், மலையிலிருந்து ஒரு பையன் முதல் வகுப்பில் வந்து சேர்ந்தான். சுவரிலே மாட்டியிருந்த படங்களைக் காட்டி, "இது என்ன? அது என்ன?" என்று கேட்பேன். கப்பலும் ஐஸ்கிரீமும் ஆப்பிளும் அவனுக்கு எப்படித் தெரியும்? பேசாமல் நிற்பான். ஒரு தடவை பேசியபோது அவனுடைய மலைப் பேச்சைக் கேட்டு வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று எழுதினேன்.

பள்ளித் தோட்டத்தில் அந்த வருஷம் கேழ்வரகு விதைத்திருந்தோம். களை எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் பயிரையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். இளம்பயிருக்கும் புல்லுக்கும் வித்தியாசம் எனக்கே தெரியவில்லை. அந்தப் பையன்மட்டும் ஒரு வரிசையைச் சுத்தமாகக் களை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த இரண்டு பிள்ளைகளுக்குப் பேசாமலே கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தான். நான் "சபாஷ்!" என்றேன், உடனே எல்லோரையும் கணக்குப் பாடத்துக்கு உள்ளே அழைத்தேன். பேரேட்டில் எழுதிய வார்த்தையை அடிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொங்கல் விடுமுறைக்குப் போன பையன் திரும்பி வரவில்லை.

நிற்க. மலைவாசிகளின் கற்பிக்கும் முறையைச் சிறு குழந்தைகளின் வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்பது நான் மழையில் ஒதுங்கி நின்று கண்டுபிடித்த புதுமை அன்று. நம் தேசத்திலேயே அதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. ஸ்ரீமதி தாராபாய் மோதக் என்ற அம்மையார் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் மாண்டிஸோரி முறையில் பணி புரிந்தவர். 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற ஊரில் கிராமக் குழந்தைகளுக்காக ஒரு கல்வி நிலையம் ஆரம்பித்தார். அனுதாய் வாக் என்ற அம்மையார் அவருக்குத் துணையாக நின்றார். 1957-ல் நிலையம் கோஸ்பாட் குன்றுக்குப் போயிற்று. அங்கே இருப்பவர்கள் வார்லி என்ற பழங்குடி மக்கள். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும், பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போனார்கள். மாடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்காகப் புல்வெளியிலேயே பாடம் நடந்தது. விலை உயர்ந்த மாண்டிஸோரிக் கருவிகளுக்குப் பதிலாக விதைகள், கூழாங்கற்கள், கிளிஞ்சல்கள், இலைகள் ஆகியவை வந்தன. இன்று தேசமெங்கும் வழங்கும் 'அங்கன்வாடி' என்ற பெயரில் 'அங்கன்' என்பதற்கு முற்றம் என்பதுதான் அர்த்தம். 1975-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று சர்க்கார் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை ஊர் ஊராகப் பரப்பிவிட்டது. பெயர் வந்துவிட்டது, முற்றம் வந்ததா என்பதுதான் கேள்வி.

கடல் கடந்த தேசங்களிலும் இந்த யோசனை பலமாக நடக்கிறது. நியூஸிலாந்தில் மாவோரி மக்கள், தங்கள் பாஷை பேரக் குழந்தைகளின் நாவிலிருந்து மறைந்து வருவதைக் கண்டு, 1982-ல் 'கோஹங்கா ரேயோ' என்ற பாலர் பள்ளிகளை ஆரம்பித்தார்கள். 'மொழிக் கூடு' என்பது பொருள். பாஷை தெரிந்த தாத்தா பாட்டிமாரே அங்கே குழந்தைகளோடு உட்கார்ந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஆதிக்குடியைச் சேர்ந்த டைசன் யுங்கபோர்ட்டா என்ற அறிஞர், நியூ ஸௌத் வேல்ஸ் மாகாணத்தின் மேற்குப் பகுதியில் கற்பிப்பதற்கு எட்டு வழிகளைத் தொகுத்துக் கொடுத்தார். கதை சொல்லல், வழியைப் படமாகக் காட்டல், பேசாமல் செய்து பழகல், நிலத்தோடு பாடத்தைப் பிணைத்தல், ஊராருக்குப் பயன்படக் கற்றல் முதலியவை அவற்றில் அடங்கும். அந்தப் பட்டியலைப் படித்தபோது வளப்பூர் நாட்டுப் பாட்டியின் முறம்தான் என் கண்முன் நின்றது.

ஆனால் முறத்தைக் கொண்டுவந்து வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டால் காரியம் முடிந்துவிடாது. ஆண்டு விழாவில் குழந்தைகளுக்கு மலைவாசி வேஷம் போட்டு ஆடவிடுவதும் இதில் சேராது. பாட்டியின் முறையில் நான் கண்டவை நான்கு. முதலாவது, பார்ப்பதற்கு வேண்டிய நேரம். பேசாத குழந்தையை மந்தம் என்று எழுதுவதற்குமுன், அது பார்த்துக் கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பொறுக்க வேண்டும். இரண்டாவது, உண்மையான வேலையில் ஒரு சிறு பங்கு. அதற்கேற்ற சிறு கருவி. மூன்றாவது, பெரிய குழந்தை சிறிய குழந்தைக்குக் காட்டிக் கொடுப்பது. நான்காவது, பருவத்தை ஒட்டிய பாடம்: விதைப்பில் விதை, அறுவடையில் கதிர்.

வளப்பூர் நாட்டு அங்கன்வாடியில் இதை நடத்துவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு காலை வேளை ஊர்ப் பாட்டி ஒருத்தியை வரவழைத்து, வந்ததற்குச் சம்மானமும் கொடுக்க வேண்டும். ஆசிரியருக்குச் சம்பளம், பாட்டிக்கு நன்றி மட்டும் என்றால் யாருடைய வித்தையை மதிக்கிறோம் என்பது குழந்தைக்கே விளங்கிவிடும். சின்ன முறங்கள் நாலைந்து முடையச் சொல்லலாம். பிளாஸ்டிக் மணிகளுக்குப் பதில் அவரையும் மொச்சையும் வைத்து எண்ணச் சொல்லலாம். (மிகச் சிறிய குழந்தைகள் எதையும் மூக்கில் போட்டுக்கொள்ளும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.) சாமையைப் படியால் அளந்தால் கணக்கு வந்துவிடுகிறது. எழுத்தை ஆரம்பிக்கும்போது 'சாமை' என்றே ஆரம்பிக்கலாம். குழந்தை மலைப் பேச்சில் பதில் சொன்னால் அதுவும் சரியான பதில்தான். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்றுதான் சொல்லுகிறது.

"பிள்ளைகளை வேலைக்கு அனுப்பச் சொல்கிறீரா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. நாள் முழுதும் கூலிக்கு உழைப்பது வேறு. பாட்டி மடிக்கருகே அரைமணி நேரம் முறம் பிடிப்பது வேறு. இதைவிடக் கனமான ஆட்சேபத்தை அந்தக் குழந்தையின் தகப்பனாரே எழுப்பினார். "சாமை பொறுக்க எங்க வீட்டிலேயே கத்துக்குவாங்க, சார். பள்ளிக்கூடத்திலே இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மலைப் பிள்ளைக்கு மலை வித்தை போதும் என்று சமவெளிக்காரன் தீர்மானிப்பது பெரிய அநியாயம். எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் அந்தக் குழந்தைக்கு வந்தே தீரவேண்டும். ஆனால் மூன்று வயதில் உள்ளே நுழையும்போதே, "உனக்குத் தெரிந்தது ஒன்றும் இங்கே செல்லாது" என்று சொல்லிவிட்டால், பிறகு எதைச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது. என் வகுப்பிலிருந்து போன பையனே அதற்குச் சாட்சி.

"வீட்டிலேயே கற்றுக்கொள்வார்கள்" என்பதும் எத்தனை நாளைக்கு? மலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை இன்று மரவள்ளி பிடித்துக்கொண்டது. கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலைகளில் கிராக்கி உண்டு. சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்குவதோ பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. குறை சொல்லி என்ன பயன்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானிய விதைகளைக் காக்கவும், உமி நீக்க இயந்திரம் வைக்கவும் உழைத்து வந்திருக்கிறார்கள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை என்று வகை வகையாகப் பெயர் உண்டு. விதையைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றலாம். பார்த்த மாத்திரத்தில் இது இன்ன சாமை என்று சொல்லும் கண்ணை எந்தப் பெட்டியில் வைப்பது? அதை நான்கு வயதில்தான் கொடுக்க முடியும். கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக் கொண்டு வருகிறது.

மழை விட்டதும் புறப்பட்டோம். பாட்டி எங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள். "அடுத்த வருசம் இவளைப் பள்ளிக்கூடத்திலே சேக்கணும். மொதல் நாளு அழுவா. நானும் கூட வந்து உள்ளாற உக்காந்துக்கலாமா, வாத்தியாரே?"

எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடங்களையெல்லாம் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். வாசல்வரை வரலாம் என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லும் பள்ளி ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "கேட்டுப் பாருங்கள், பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் ஜூன் மாதம் எங்கள் பள்ளி முதல் வகுப்பில் ஒரு பாய் அதிகமாக விரிப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். நம் ஊரிலும் பாட்டிமார் இருக்கிறார்கள் அல்லவா? நேயர்கள் வீட்டில் மூன்று நான்கு வயதுக் குழந்தை இருந்தால், நாளைக் காலை அரிசி புடைக்கும்போது அதன் கையிலும் ஒரு சின்ன முறம் கொடுத்துப் பாருங்கள். கொஞ்சம் அரிசி சிந்தத்தான் செய்யும்.